நீண்ட மூக்கும் குறுகிய கூலியும்

அமெரிக்காவின் பழைய நெடுந்தூர லொறிகளைப் போற்றுவது இன்று ஒருவகை வழிபாடு போலாகிவிட்டது. நீண்ட மூக்கு, இரு மருங்கும் வானை நோக்கி நிமிர்ந்து நிற்கும் புகைக்குழாய்கள், முகம் பார்க்கலாம் போல் மினுங்கும் குரோமியப் பூச்சு, சாரதியின் ஆசனத்துக்குப் பின்னே ஒரு சிறு படுக்கையறை. இவற்றின் உருவம் நாட்காட்டிகளிலும், சிறுவர் விளையாட்டுப் பொருள்களிலும், திரைப்படங்களிலும் உலகெங்கும் உலாவுகின்றது. இவ்வண்டிகளைச் சுதந்திரத்தின் சின்னம் என்று சொல்லுவார் பலர். அச்சொல் எவ்வளவு தூரம் பொருந்தும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ்ப் பண்டிதனுக்கு அமெரிக்க லொறியில் என்ன அலுவல் என்று வாசகர் வினவலாம். ஒரு சொல் திரிந்து நின்றால், அது திரிந்ததற்கு விதி யாது என்று கேட்பது இலக்கணம் கற்றவனின் பழக்கம். விதியின்றி விகாரம் இல்லை. மனிதன் செய்த பொருள்களின் வடிவுக்கும் அவ்வாறே விதி உண்டு. லொறியின் மூக்கு நீண்டதற்கும் விதி உண்டு. ஒரு காலத்தில் அம்மூக்கு இல்லாது ஒழிந்ததற்கும் விதி உண்டு. அவ்விதிகளை வகுத்தோர் எஞ்சினியர் மாத்திரம் அல்லர். சட்டசபையாரும் எண்ணெய் விற்போரும் சேர்ந்தே வகுத்தனர்.

தொடக்கம்

1914ஆம் ஆண்டு டெற்றோயிற் நகரில் ஓகஸ்ட் புறூகாப் என்னும் கொல்லரிடம் ஒரு மரவியாபாரி வந்தார். தமது படகை ஏரிக்கரைக்குக் கொண்டுபோக வேண்டும். தம்மிடம் இருப்பதோ ஒரு சிறு போர்ட் கார். வழி யாது என்று கேட்டார். குதிரைவண்டி செய்து பழகிய புறூகாப், பின்புறத்தில் மட்டும் சில்லுகள் உள்ள ஒரு தொடர்வண்டியைச் செய்து, அதன் முன்புறத்தைக் காரின் முதுகில் ஏற்றிப் பூட்டினார். பாரத்தின் ஒரு பாதியைத் தன் சில்லுகளிலும், மறு பாதியை இழுப்பவனின் முதுகிலும் வைக்கும் வண்டி ஆதலின் அதற்கு அரைத்தொடர்வண்டி என்னும் கருத்துடைய பெயர் இட்டார். இன்று பெருந்தெருக்களில் ஓடும் பதினெட்டுச் சில்லு வண்டிகள் அனைத்துக்கும் அந்தப் படகு வண்டியே முன்னோடி.

1916இல் மாக் கம்பனி 'ஏசி' என்னும் லொறியை வெளியிட்டது. சங்கிலியால் சில்லைச் சுழற்றும் வண்டி அது. முதலாம் உலக யுத்தத்தில் பிரித்தானியப் படையினர் அதன் மழுங்கிய முகத்தையும், சேற்றில் புதைந்தாலும் விடாது முக்கி வெளிவரும் பிடிவாதத்தையும் கண்டு 'புல்டோக்' என்று அழைத்தனர். அந்த நாயின் உருவம் 1932இல் கம்பனியின் சின்னமாகச் செதுக்கப்பட்டது. இன்றும் மாக் லொறிகளின் மூக்கு நுனியில் அமர்ந்திருக்கின்றது.

வண்டி இருந்தது, தெரு இல்லை. 1919இல் அமெரிக்கச் சேனை ஒரு சோதனை செய்தது. வொஷிங்டனிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை ஏறத்தாழ 3,250 மைல் தூரம் ஒரு மோட்டார் அணியை அனுப்பியது. போய்ச்சேர 62 நாள் ஆயிற்று. மணிக்குச் சராசரி ஆறு மைல் வேகமே கூடிற்று. பாரம் தாங்காது மரப்பாலங்கள் முறிந்தன. வண்டிகள் மணலிற் புதைந்தன. அவ்வணியில் உடன் சென்ற இளம் அதிகாரி ஒருவர் அந்த அனுபவத்தை மறக்கவில்லை. அவர் பெயர் ஐசனோவர். 1956இல் அவரே ஜனாதிபதியாக இருந்து, 41,000 மைல் நீளமான மாநிலங்களுக்கிடைப் பெருந்தெருக்களை அமைக்கும் சட்டத்திற் கையொப்பமிட்டார்.

அதே 1956ஆம் ஆண்டு ஏப்ரில் 26ஆந் திகதி, வட கரோலைனாவைச் சேர்ந்த மல்கம் மக்லீன் என்னும் பழைய லொறிக்காரர், 58 கொள்கலன்களை 'ஐடியல் எக்ஸ்' என்னும் கப்பலில் ஏற்றி நியுவார்க்கிலிருந்து ஹூஸ்ரனுக்கு அனுப்பினார். கொள்கலன் என்பது சில்லுக் கழற்றப்பட்ட லொறிப்பெட்டி அன்றி வேறில்லை. கொழும்புத் துறைமுகத்தில் இன்று மலைபோல் அடுக்கிக் கிடக்கும் கொள்கலன்களைக் காண்போர், அவற்றின் தாய்வீடு ஓர் அமெரிக்க லொறி என்பதை நினைவிற் கொள்ளலாம்.

மலை செய்த வண்டிகள்

கிழக்குக் கரையில் நகரங்கள் நெருங்கி இருந்தன. மேற்கிலோ மலையும் பாலைவனமும் இடையிட்ட பெருந்தொலைவு. ஆதலின் நெடுந்தூர லொறியின் குணங்கள் பெரும்பாலும் மேற்கிலேதான் உருவாயின. 1923இல் சியாற்றிலில் ஹரி கென்ற், எட்கர் வேர்திங்ரன் என்னும் இருவர் பெயரையும் புணர்த்திக் கென்வேர்த் என்னும் கம்பனி தோன்றியது. தக்கோமாவில் மரத்தொழில் நடத்திய பீற்றர்மன், காட்டிலிருந்து மரம் இழுக்கத் தக்க வண்டி வேண்டுமென்று, நொடித்துப்போன பேஜியோல் கம்பனியை வாங்கி, 1939இல் பீற்றர்பில்ட் என்னும் பெயரில் லொறி செய்யத் தொடங்கினார். கொன்சொலிடேற்றட் பிறெயிற்வேய்ஸ் என்னும் பாரமேற்றும் கம்பனியின் தலைவர் லீலன்ட் ஜேம்ஸ், வண்டியின் எடை குறைந்தால் ஏற்றும் சரக்கு மிகும் என்று கணக்கிட்டார். அலுமினியத்தால் இலேசான வண்டி செய்து தருவார் இல்லாமையால் தாமே செய்யத் துணிந்தார். அதன் பயனே பிறெயிற்லைனர்.

இவ்வண்டிகளுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. கிழக்கே மாக் கம்பனி தன் எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் தானே செய்தது. மேற்கத்திய கம்பனிகளோ எஞ்சினைக் கமின்ஸிடமும், கியர்ப்பெட்டியைப் புல்லரிடமும், அச்சுகளை வேறொருவரிடமும் பெற்று, வாங்குவோன் சொற்படி கூட்டிக் கொடுத்தன. பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை என்று உறுப்புக்களைக் கூட்டிப் பதம் ஆக்குவது போன்ற வேலை இது. எந்த உறுப்பு எங்கிருந்து வந்தது என்பது சாரதிக்குத் தெரியும். ஆதலின் எது பழுதானாலும் அதைத் தனியே கழற்றி மாற்றவும் தெரியும். இந்த அறிவைப் பற்றிப் பின்னர்ச் சொல்லுவேன்.

டீசல் எஞ்சினை நெடுந்தெருவுக்குக் கொண்டுவந்தவருட் தலையாயவர் இந்தியானா மாநிலத்துக் கிளெசி கமின்ஸ். 1931இல் அவர் டீசல் லொறியொன்றில் நியூயோர்க்கிலிருந்து லொஸ் ஏஞ்சல்ஸ் வரை சென்றார். கண்டம் முழுவதையும் கடக்க எரிபொருளுக்கு ஆன செலவு 11 டொலர் 22 சதம். உலகம் வியந்தது இச்செலவைக் கண்டே. ஆனால் கமின்ஸ் மறவாதது வேறொன்று. கலிபோர்ணியாவின் கஜோன் கணவாயில் இறங்கும்போது பிறேக் சூடேறிப் பிடியிழந்தது. கீழே தண்டவாளக் கடவையில் ஒரு சரக்கு ரயில் போய்க்கொண்டிருந்தது. மயிரிழையிற் தப்பினார். ஏறுவதற்கு வலிமை தந்த எஞ்சின் இறங்கும்போது ஏன் துணைசெய்யக் கூடாது என்னும் வினா அவர் மனத்தை விட்டு அகலவில்லை. தொழிலிலிருந்து ஓய்வு பெற்றபின் அதற்கு விடை கண்டார். உருளைக்குள் அடக்கி நெருக்கிய காற்றை, அது திரும்பத் தள்ளுமுன் வெளியேற்றிவிட்டால், எஞ்சின் வண்டியைத் தள்ளாது இழுத்துப் பிடிக்கும். 1961இல் ஜேக்கப்ஸ் கம்பனி இதனைச் செய்து விற்றது. இரவில் மலையிறங்கும் அமெரிக்க லொறிகளிலிருந்து எழும் படபடவென்ற ஓசை அந்த விடையின் ஓசையே. ஓசை பொறாத சில ஊர்கள் இதனைத் தம் எல்லையுள் விலக்கிப் பலகை நாட்டியுள்ளன.

மற்றை உறுப்புக்களையும் சுருங்கச் சொல்லுவேன். முன்னச்சில் இரண்டு, இழுக்கும் இரு அச்சுகளில் எட்டு, தொடர்வண்டியில் எட்டு என்று சில்லுகள் பதினெட்டு. சட்டம் அனுமதிக்கும் முழு எடை பொதுவாக 80,000 இறாத்தல். பிறேக்கைப் பிடிப்பது நெருக்கிய காற்று. காற்று கசிந்து போய்விட்டால் வண்டி நிலைகெட்டு ஓடிவிடாது. வலிய விற்சுருள் தானே விரிந்து சில்லைப் பற்றிக்கொள்ளும். கியர் பத்தும் உண்டு, பதின்மூன்றும் உண்டு, பதினெட்டும் உண்டு. பழைய கியர்ப்பெட்டியில் பற்களை ஒத்திசைத்துக் கொடுக்கும் துணைக்கருவி இல்லை. சாரதி கிளச்சை இருமுறை மிதித்து, எஞ்சினின் ஓசையைச் செவியால் அளந்து, பல்லோடு பல் பொருந்தும் கணத்தை அறிந்து மாற்றல் வேண்டும். யாப்புப் பயின்றவன் தளை தட்டுவதைச் செவியால் அறிவது போன்ற பயிற்சி இது.

சட்டம் வகுத்த முகம்

இனி மூக்குக்கு வருவோம். முன்னாளில் ஒவ்வொரு மாநிலமும் தன் தெருவில் ஓடும் வண்டியின் முழு நீளத்துக்கும் எல்லை வகுத்திருந்தது. பல இடங்களில் 55 அடி. வேறு சில இடங்களில் 60 அடி அல்லது 65 அடி. லொறியின் மூக்கும் அந்தக் கணக்கிற் சேர்ந்தது. மூக்கு ஓர் அடி நீண்டால் சரக்குப் பெட்டி ஓர் அடி குறையும். கூலி கிடைப்பது சரக்குக்கே அன்றி மூக்குக்கு அன்று. ஆகவே மூக்கை அறுத்தெறிந்து, எஞ்சினின் மேலேயே சாரதியை ஏற்றி இருத்தினர். தட்டை முகத்து வண்டிகள் பெருகின. சாரதி முன்னச்சின் மேல் அமர்ந்தமையால் தெருவின் ஒவ்வொரு குழியும் அவன் முதுகெலும்பிற் பதிந்தது. கோடையில் எஞ்சினின் வெப்பம் காலடியில் எழுந்தது. படுக்கையோ ஒருவன் புரள இடமில்லாத பெட்டி. பழைய லொறிகளின் படுக்கைப் பெட்டியைச் சாரதிகள் சவப்பெட்டி என்றே அழைத்தனர்.

1982இல் மத்திய அரசு புதிய சட்டம் ஒன்று இயற்றியது. பெருந்தெருக்களில் இனி அளப்பது தொடர்வண்டியின் நீளம் மாத்திரமே. இழுக்கும் லொறிக்கு எல்லை இல்லை என்றது. அவ்வளவுதான். தட்டை முகம் சில ஆண்டுகளுக்குள் அருகிற்று. மூக்கு மீண்டும் வளர்ந்தது. 1961இல் வந்த கென்வேர்த் டபிள்யூ 900, 1967இல் வந்த பீற்றர்பில்ட் 359, அதன் வழித்தோன்றலாக 1987இல் வந்த 379 ஆகியவற்றின் நீண்ட மூக்குகள் நாடெங்கும் நிமிர்ந்து ஓடின. எனினும் 1985இலேயே வேறொரு விதி குறுக்கிட்டது. எரிபொருள் விலை. கென்வேர்த் அவ்வாண்டில் சரிந்த மூக்குடைய டி 600 என்னும் வண்டியை வெளியிட்டது. பழைய சாரதிகள் அதனை எறும்புதின்னி என்று எள்ளினர். ஆனால் அது காற்றைக் கிழிக்காது தழுவிச் சென்றமையால் எண்ணெய் மிச்சமாயிற்று. எள்ளியவர்களின் முதலாளிமாரே அதனை வாங்கினர். இன்று ஓடும் லொறிகளுட் பெரும்பாலானவை அந்த எறும்புதின்னியின் வம்சம்.

ஆகவே, வாசகர் போற்றும் அந்தக் கம்பீரமான மூக்கு ஒரு சட்டத்தால் மறைந்து, வேறொரு சட்டத்தால் வளர்ந்து, எண்ணெய் விலையால் தேய்ந்தது. அதனை ஒரு தனிமனிதனின் சுதந்திர உள்ளம் செய்தது என்று கொள்வது வரலாறு ஆகாது.

கூலியின் கதை

வடிவத்தின் கதையை விடக் கூலியின் கதை முக்கியமானது. அதனையே இரசிகர்கள் மறந்துவிடுகின்றனர்.

1935இல் இயற்றிய மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, மாநிலம் விட்டு மாநிலம் சரக்கு ஏற்ற விரும்புவோர் வொஷிங்டனிலுள்ள வர்த்தக ஆணைக்குழுவிடம் அனுமதி பெறல் வேண்டும்; கட்டண விகிதத்தையும் பதிவு செய்தல் வேண்டும். எந்தச் சரக்கை எவ்வழியாகக் கொண்டுபோகலாம் என்பதும் அனுமதிப் பத்திரத்தில் எழுதப்பட்டிருந்தது. போகும்போது சரக்கும் வரும்போது வெறும் பெட்டியுமாக ஓடிய வண்டிகள் பல. வீண்செலவு மிக்க ஏற்பாடு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் கட்டணம் நிலையாக இருந்தமையால் கூலியும் நிலையாக இருந்தது. ரீம்ஸ்ரேர்ஸ் என்னும் சாரதிகள் சங்கம் 1964இல், ஜிம்மி ஹொபாவின் தலைமையில், நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட சாரதிகளுக்கு நாடு முழுவதற்கும் ஒரே கூலி ஒப்பந்தத்தைப் பெற்றுக் கொடுத்தது. அதே ஆண்டில் ஹொபா நீதிமன்றத்திற் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டார் என்பதையும் மறைத்தல் கூடாது. சங்கத்தில் ஊழலும் இருந்தது. சாரதியின் வீட்டில் சோறும் இருந்தது.

அந்தச் சோறு எல்லோர்க்கும் கிடைத்ததா? இல்லை. நெடுந்தூரச் சாரதி வேலை வெள்ளையர்க்கே உரியது போல் பல கம்பனிகள் நடந்தன. டி.ஐ.எம்.ஈ.-டி.சி. என்னும் கம்பனிமீது அரசாங்கம் தொடுத்த வழக்கில் அமெரிக்க உயர்நீதிமன்றம் 1977இற் தீர்ப்பளித்தது. அக்கம்பனியில் 1971இல் இருந்த நெடுந்தூரச் சாரதிகள் 1,828 பேர். அவருட் கறுப்பர் 8 பேர். ஸ்பானியப் பெயருடையோர் 5 பேர். இந்தப் பாகுபாடு தற்செயலானது அன்று. வேலைக்கு ஆள் எடுப்பதில் கம்பனி வழக்கமாகவே கைக்கொண்டது என்பதை நீதிமன்றம் ஏற்றது. பொற்காலம் என்று பாடுவோர் இந்த எட்டையும் ஐந்தையும் சேர்த்துப் பாடுதல் வேண்டும்.

இன்னொரு சாரார் சொந்த லொறிக்காரர். கடன் வாங்கி லொறி வாங்கி, அதற்குக் குரோமியம் பூட்டி, பக்கத்தில் தம் பெயரை எழுதி ஓட்டியவர்கள் இவர்களே. இன்று நாம் படங்களிற் காணும் அழகிய வண்டிகளுட் பல இவர்கள் அலங்கரித்தவை. ஆனால் இவர்களிடம் அனுமதிப் பத்திரம் இல்லை. பதப்படுத்தாத விளைபொருள்களைச் சுதந்திரமாக ஏற்றலாம். வேறு சரக்கு வேண்டுமானால் அனுமதி பெற்ற கம்பனிக்கு வண்டியோடு தம்மையும் வாடகைக்கு விடல் வேண்டும். 1973இல் எண்ணெய் தட்டுப்பட்டு விலை ஏறியது. 1974 ஜனவரியில் வேக எல்லை மணிக்கு 55 மைலாகச் சட்டமாயிற்று. மைலுக்குக் கூலி பெறுபவனுக்கு இரண்டு பக்கமும் அடி. 1973 டிசம்பரிற் பெருந்தெருக்களில் வண்டிகளை நிறுத்தி மறித்தனர். சிறு வானொலிக் கருவிகளால் ஒருவரை ஒருவர் அழைத்து ஒன்றுகூடினர். சினிமாவும் பாட்டும் இவர்களைப் பிடித்துக்கொண்டது அதன்பின்னரே. 1975இல் 'கொன்வோய்' என்னும் பாட்டு, 1978இல் அதே பெயரில் சாம் பெக்கின்பாவின் படம். 1971இல் ஸ்பீல்பேர்க் எடுத்த 'டுவல்' என்னும் படத்தில் 1955ஆம் ஆண்டுப் பீற்றர்பில்ட் ஒன்று அரக்கனாகத் தோன்றியது; ஏழு ஆண்டுகளுக்குள் லொறி வீரனாகிவிட்டது.

சொந்த லொறிக்காரருட் பலர் கட்டுப்பாடு நீங்கவேண்டும் என்று வேண்டினர். 1980 ஜூலை முதலாந் திகதி ஜனாதிபதி காட்டர் புதிய சட்டத்திற் கையொப்பமிட்டார். அனுமதி எளிதாயிற்று. ஆயிரக்கணக்கான புதிய கம்பனிகள் புகுந்தன. கட்டணம் வீழ்ந்தது. கடைகளில் பொருள்கள் மலிந்தன என்பது உண்மை. வெறும் பெட்டியோடு திரும்பும் வீணும் குறைந்தது. ஆனால் கட்டணம் வீழ்ந்தபோது அதனோடு சேர்ந்து வீழ்ந்தது சாரதியின் கூலி. விலைவாசியோடு ஒப்புநோக்கினால் அந்தக் கூலி பின்வந்த ஆண்டுகளில் பெரிதும் தேய்ந்தது. சங்கம் மெலிந்தது. பழைய பெருங் கம்பனிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடுண்டன. பிறெயிற்லைனரைப் பெற்றெடுத்த கொன்சொலிடேற்றட் பிறெயிற்வேய்ஸ் 2002இல், அமெரிக்காவின் தொழிலாளர் தினத்தன்றே, கதவை அடைத்தது. அன்று வேலை இழந்தோர் பல்லாயிரவர்.

இரண்டு ஆண்டுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 1980இல் கூலியைக் காத்த வேலி அகன்றது. 1982இல் மூக்கை நெருக்கிய எல்லை அகன்றது. நீண்ட மூக்கு நாடெங்கும் ஓங்கிய அந்தப் பத்தாண்டிலேயே கூலி குறுகத் தொடங்கியது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று யான் சொல்லவில்லை. ஆனால் சின்னத்தின் வளர்ச்சியைக் கண்டு பொருளின் வளர்ச்சி என்று எண்ணுதல் எத்துணைப் பெரிய மயக்கம் என்பதை இது காட்டுகின்றது.

இற்றை நிலை

என் பழைய மாணாக்கர் ஒருவர் கனடாவிற் குடியேறி நெடுந்தூர லொறி ஓட்டுகின்றார். ரொறன்ரோவிலிருந்து ரெக்சாஸ் வரை போய்வருவார். சென்ற முறை ஊருக்கு வந்தபோது தொழில் எப்படி என்று கேட்டேன். கியர் தானே மாறுகின்றது. எத்தனை மணி ஓட்டினார் என்பதைக் கருவி எழுதிக்கொள்கின்றது. கண்ணாடியின் மேலிருந்து ஒரு கமரா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கின்றது என்றார். "ஐயா, நான் வண்டியை ஓட்டுறேனோ, வண்டி என்னை ஓட்டுதோ எண்டு சில நேரம் எனக்கே தெரியாது" என்று சொல்லிச் சிரித்தார். ஒரு களஞ்சியத்தில் சரக்கு இறக்க ஆறு மணி நேரம் காத்திருந்தாராம். அதற்குக் கூலி இல்லை. சில்லு உருண்டால்தான் காசு.

மேலதிக நேரத்துக்கு மேலதிக கூலி கொடுக்கவேண்டும் என்று 1938இல் அமெரிக்கா இயற்றிய சட்டம் நெடுந்தூர லொறிச் சாரதிகளுக்குப் பொருந்தாது என விலக்கப்பட்டது. அவ்விலக்கு எண்பது ஆண்டுகளுக்கு மேலாக நிற்கின்றது. பெரிய கம்பனிகளில் ஓராண்டில் வேலையை விட்டு நீங்குவோரின் தொகை, சில ஆண்டுகளில், உள்ளோரின் தொகையில் நூற்றுக்குத் தொண்ணூறையும் கடந்தது. சாரதிகளுக்குத் தட்டுப்பாடு என்று முதலாளிமார் முறையிடுகின்றனர். ஓட்டை விழுந்த குடத்தில் நீர் தங்கவில்லை என்று கிணற்றைக் குறைகூறுவது போன்றது அது.

2017 டிசம்பரில் ஓட்டிய நேரத்தை மின்கருவியாற் பதிவது கட்டாயமாயிற்று. 2000ஆம் ஆண்டுக்கு முற்பட்ட எஞ்சின்களுக்கு விலக்கு உண்டு. அதனாற் பழைய லொறிகளை விரும்பித் தேடுவோரும் உளர். மறுபுறத்தில், 2023 தொடக்கம் கலிபோர்ணியாவில் 2010க்கு முற்பட்ட எஞ்சின் உடைய பார லொறிகளுட் பெரும்பாலானவை தொழிலில் ஓட இடமில்லை. பழைய வண்டியை நேசிப்போர் இதனைக் கொடுஞ்செயல் என்கின்றனர்.

இங்கே யான் அவர்களோடு சேரமாட்டேன். பழைய டீசல் எஞ்சினின் கரும்புகை படத்தில் அழகாக இருக்கலாம். துறைமுகத்தை அடுத்து வாழும் குழந்தையின் நெஞ்சுக்குள் அது அழகு அன்று. அந்தக் குழந்தைக்கு லொறியின் வரலாறு தெரியவேண்டியதில்லை, மூச்சு வரவேண்டும். பழைய ஏடு அரியது என்பதற்காக அதிலுள்ள கறையானையும் சேர்த்துப் போற்றுவார் இல்லை.

எனினும் அவர்கள் இரங்குவதில் ஓர் உண்மை உண்டு; அதனைத் தள்ளிவிடலாகாது. பழைய லொறியின் சாரதி தன் கருவியை அறிந்தவன். ஓசை கேட்டு நோய் அறிந்தான். தெருவோரத்தில் நின்று தன் கையாற் திருத்தினான். இன்றைய வண்டியில் ஒரு சிறு உணர்கருவி பழுதுபட்டால், கம்பனியின் கணினி வந்து சொல்லும்வரை வண்டி அசையாது. வல்ல ஒரு தொழிலாளி தன் தொழிற்கருவிக்கு முன் எழுத்தறியாதவன் போல் நிற்கின்றான். புகையை நீக்கியது நன்று. ஆனால் புகையோடு கைவினையையும் நீக்கவேண்டும் என்று எந்த இயற்கை நியதியும் சொல்லவில்லை. திருத்தும் அறிவைப் பூட்டி வைப்பது கம்பனியின் இலாபத்துக்காக. தூய காற்றுக்கும் அதற்கும் தொடர்பு சிறிது. இவ்விரண்டையும் பிரித்தறியாமல், புகையை எதிர்ப்போர் கைவினையையும், கைவினையை நேசிப்போர் புகையையும் சேர்த்துக் கட்டுவதே இன்றைய வாதத்தின் குறை.

எதனைப் பேணுவது?

அமெரிக்கர் தம் பழைய லொறிகளைப் பேணுவதிற் குறைவைக்கவில்லை. 1971இல் லொறி வரலாற்றுக்கென ஒரு சங்கம் நிறுவினர். ஐயோவா மாநிலத்து வோல்கொற் என்னும் ஊரில், பெருந்தெருவோரத்தில், அதற்கென ஓர் அரும்பொருட்சாலையே உண்டு. அங்கே வண்டிகள் துடைத்து மெருகிட்டு வரிசையாக நிற்கின்றன. 1953 முதல் 1966 வரை ஒன்றேகால் இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட மாக் 'பி' வகை லொறிகளை இன்றும் தம் வீட்டுக் கொட்டகையில் வைத்துத் திருத்தி ஓட்டும் முதியோர் பலர். இது நல்ல காரியம். தம் கையாற் செய்ததை மதிக்கத் தெரியாத சமூகம் எதையும் மதியாது.

ஆயினும் பேணுவோர்க்கு ஒரு விண்ணப்பம். மெருகிட்ட லொறியின் அருகே அதன் சாரதியின் கூலிச்சீட்டையும் வையுங்கள். எத்தனை மைல் ஓட்டினான், எத்தனை மணி காத்திருந்தான், எவ்வளவு பெற்றான் என்பது தெரியட்டும். அவன் படுத்த சவப்பெட்டியைத் திறந்து வையுங்கள். பார்ப்போர் உட்புகுந்து படுத்துப் பார்க்கட்டும். வேலை மறுக்கப்பட்டவர்களின் வழக்கேட்டையும் ஒரு மேசையில் வையுங்கள். பழைய கியர்ப்பெட்டி ஒன்றைப் பிரித்து வைத்து, இளைஞர் கையாற் தொட்டுக் கற்க விடுங்கள். அப்போதுதான் அது முழு வரலாறு ஆகும். உரை இல்லாத செய்யுளைப் போல, கூலி சொல்லாத வண்டி படிப்போன் கற்பித்துக்கொண்ட பொருளையே தரும்.

சுதந்திரத்தின் சின்னம் என்ற சொல்லுக்குத் திரும்புவேன். ஒரு தொழிலாளியின் சுதந்திரம் மூன்றில் அடங்கும் என்பது என் துணிபு. தன் கருவியைத் தானே அறிந்து திருத்தும் உரிமை ஒன்று. தன் உழைப்பின் விலையை வகுப்பதிற் தனக்கும் ஒரு வாக்கு இருத்தல் இரண்டு. களைத்தபோது அச்சமின்றி உறங்கும் உரிமை மூன்று. பழைய அமெரிக்க லொறி முதலாவதைப் பெரும்பாலும் கொடுத்தது. இரண்டாவதைச் சங்கத்தின் வழியாகச் சிலர்க்குக் கொடுத்தது; பலர்க்கு மறுத்தது. மூன்றாவதை ஒருவர்க்கும் நிறைவாகக் கொடுத்ததில்லை. புதிய லொறியோ மூன்றாவதைக் கருவியால் அளந்து கொடுக்க முயல்கின்றது, முதலாவதைப் பறித்துவிட்டது, இரண்டாவதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

மூன்றையும் ஒருங்கே தரும் வண்டி இன்னும் செய்யப்படவில்லை. அதனை எஞ்சினியர் தனியே செய்யவும் இயலாது. மூக்கை நீட்டவும் குறுக்கவும் வல்ல சட்டத்துக்குக் கூலியை நீட்டவும் வலிமை உண்டு. 1982இல் மூன்றடி இரும்புக்குச் செய்த உதவியை, அதன் பின்னே அமர்ந்திருக்கும் மனிதனுக்கும் செய்வார்களாயின், அன்றைக்கு அந்த லொறியைச் சுதந்திரத்தின் சின்னம் என்று அழைப்பதில் எனக்குத் தடை இல்லை.